பாதியாக்க முடியாத ஞாயிறு

வியாழக்கிழமை வகுப்பில் அமலராணி மேடம் ஒரு ஸ்கூட்டரைத் தொலைத்தார்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடியில் நடக்கிற மாலை வகுப்பு அது. பகலெல்லாம் எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டுப் பதினோரு பேர் ஆறரை மணிக்கு அங்கே வந்து சேருவார்கள். ஹெப்சி பல்லாவரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவள். பைத்தான் படித்தால் வேறு நல்ல வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்து ஆறு வாரமாகிறது. தனக்கு இது வருமா என்ற சந்தேகம் மட்டும் இன்னும் போகவில்லை.

"காலையில ஒன்பது மணிக்கு ஆபீஸ் வாசல்ல ஸ்கூட்டர் நிறுத்தினாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து பார்த்தா காணோம். கேமராவுல எட்டு மணி நேரப் பதிவு இருக்கு. எந்த நிமிஷத்துல திருடு போச்சுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று மேடம் கேட்டார்.

"முதல்ல வாட்ச்மேனைப் புடிப்பேன் மேடம்" என்றான் பிரிட்டோ. சிறுசேரியில் கம்பெனி வண்டிகளுக்கு ட்ரிப் போட்டு அனுப்புகிறவன். வகுப்பு சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் மேடம் பலகையில் ஒரு நீளமான கோடு போட்டார். முதலிலிருந்து கடைசிவரை ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டே போவது ஒரு வழி. அதற்குப் பெயர் லீனியர் சர்ச். இன்னொன்று பைனரி சர்ச். நேராக நடுவுக்கு, ஒரு மணிக்குப் போ. ஸ்கூட்டர் நிற்கிறதா? அப்படியானால் திருட்டு அதற்குப் பிறகுதான். காலைப் பாதியைத் தூக்கிப் போடு. நிற்கவில்லையா? சாயங்காலப் பாதியைத் தூக்கிப் போடு. மிச்சமிருப்பதில் மறுபடி நடுவுக்குப் போ. எட்டு மணி நேரத்தையும் ஒன்பதே தடவை எட்டிப் பார்த்தால் போதும், நிமிடம் கையில் வந்துவிடும்.

ஹெப்சியின் நோட்டில் வலது பக்கம் பாடத்துக்கு, இடது பக்கம் சந்தேகத்துக்கு. பெரும்பாலும் இடது பக்கம்தான் முதலில் நிரம்பும். அன்றைக்கு அது வெறுமையாகவே இருந்தது. கேட்டவுடனே ஒரு பாடம் புரிந்தது அதுதான் முதல் தடவை. பொழிச்சலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது, தெருவில் நின்றிருந்த வண்டிகளையெல்லாம் மனதுக்குள் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் சாயங்காலம் பல்லாவரம் ஸ்டேஷன் படிக்கட்டில் ஜெர்சனைப் பார்த்தாள். ஏர்போர்ட்டில் வேலை செய்கிறவன். அவளுடைய அண்ணன் எபியோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகப் படித்தவன்.

"ஹெப்சி, எபி வந்துட்டுப் போனானே, பேசினீங்களா?"

படியேறப் போனவள் நின்றாள். "எப்போ வந்தான்?"

"அடப்பாவி. போன சனிக்கிழமை சாயங்காலம் இறங்கினான். திங்கக்கிழமை மத்தியானம் ஷிப் ஏறிட்டான். எனக்கே ஏறினப்புறம்தான் மெசேஜ் போட்டான், இந்தா பாரு."

போனில் மூன்று சின்ன வாக்கியங்கள் இருந்தன. 'வீட்டுக்குப் போனேன். பார்க்க முடியல. கிளம்பிட்டேன்.'

"போன் போட்டுப் பார்த்தீங்களாண்ணா?"

"சுத்தமா சிக்னல் இல்ல. மெயில் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை பார்ப்பாங்களாம். கண்ணு ஏன் கலங்குது? ஸ்டேஷன்ல நிக்கிறோம், என்னைத்தான் அடிக்க வருவாங்க."

எபி கப்பலில் சமையல்காரன். மூன்று வருடத்துக்கு முன்னால், அம்மாவின் முதல் வருட நினைவு ஆராதனைக்கு அவன் வரவில்லை. கப்பல் நடுக்கடலில் இருந்தது என்றான். மனதிருந்தால் வந்திருக்கலாம் என்றார் அப்பா. 'இனிமே என் வாசலை மிதிக்காதே' என்று போனில் சொல்லி வைத்துவிட்டார். அப்பா சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை எபி; அதிலும் அப்படியே செய்தான். ஹெப்சிக்குப் பிறந்தநாளுக்கு ஒரு வரி, கிறிஸ்துமஸுக்கு ஒரு வரி எழுதுவான். அவற்றை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள்.

அன்று வகுப்புக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினாள். அப்பா வில்பிரட், உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தோசைக்கல்லின் முன்னால் நின்றிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை தோசையைத் திருப்பவே இல்லை. அது கருகியது.

"பார்க்க முடியலையாமா?" என்றார். "இந்த வீடு எங்கே ஓடிப்போச்சு, பார்க்க முடியாம?"

"வந்திருக்கான்ப்பா. வாசல் வரைக்கும் வந்திருக்கான்."

"வந்தேன்னு சொல்லுவான். சொல்றதுக்கு என்ன? வாசல் வரைக்கும் வந்தான்னு நீ காட்டு. நானே அவனுக்கு எழுதறேன்."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொல்லிவிட்டு அடுப்பை அணைத்து அவர் அங்கேயே நின்ற விதத்தைப் பார்த்தபோது, காட்டு என்று அவர் கெஞ்சியது போலத்தான் ஹெப்சிக்குப் பட்டது.

எதிர்வீட்டின் தரைத்தளத்தில் கனகவல்லி அக்காவின் கடை. புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பது, பிளவுஸ் தைப்பது. கடைக்கு மேலே அவருடைய மகன் பொருத்திக் கொடுத்த கேமரா நேராக ஹெப்சி வீட்டுக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். பதிவுகள் கடைக்குள் இருக்கிற பெட்டியில் ஏழு நாள் இருக்கும். ஏழு நாள் நிறைந்த ஒவ்வொரு நிமிடத்தையும் பெட்டி தானே அழித்து, அந்த இடத்தில் புதிய நிமிடத்தை எழுதிக்கொள்ளும்.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் ஹெப்சி போய் நின்றாள்.

"இன்னா பாப்பா, எதுனா திருட்டு கிருட்டு பூட்ச்சா?"

"இல்லக்கா. எங்கண்ணன் வந்தானான்னு பார்க்கணும்."

கனகவல்லி வாயில் கவ்வியிருந்த நூலை எடுத்தார். "எபியா? நான் பாக்கலியே கண்ணு. ஞாயித்துக்கெயமை கடை லீவு, மத்த நாளு குனிஞ்ச தலை நிமுர்றதில்ல. நீயே பாரு. எனக்கு அந்தப் பொட்டில எத்த அமுக்கினா இன்னா வரும்னே தெரியாது."

ஹெப்சி நோட்டைத் திறந்து முறையாகக் கணக்குப் போட்டாள். சனிக்கிழமை மாலை ஆறிலிருந்து திங்கள் பகல் பன்னிரண்டு வரை நாற்பத்திரண்டு மணி நேரம். நிமிடமாக்கினால் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. பாதி பாதியாக வெட்டினால் பன்னிரண்டு தடவை பார்த்தால் போதும். பத்து மணிக்குக் கண்ணாடிக் கடையில் இருக்க வேண்டியவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நடு, ஞாயிறு மதியம் மூன்று மணி. கேட்டில் யாரும் இல்லை. இன்னும் வரவில்லை என்று எழுதிக்கொண்டு அதற்குப் பிந்திய பாதிக்கு நகர்ந்தாள். திங்கள் அதிகாலை ஒன்றரை. யாரும் இல்லை. மேலும் நகர்ந்தாள். காலை ஆறே முக்கால், யாரும் இல்லை. இப்படியே போய்ப் பன்னிரண்டாம் தடவையில் திங்கள் பகல் பன்னிரண்டு மணியில் வந்து முட்டி நின்றாள். வெயில், சாத்திய கேட், அதன்மேல் தாழப் பறந்த ஒரு விமானத்தின் நிழல். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய், "இல்லப்பா" என்றாள்.

அப்பா செய்தித்தாளை மடித்தார். "சொன்னேன்ல" என்றார். ஜெயித்தவர் குரலாக அது இல்லை. பிறகு எழுந்து, போட்டிருந்த மின்விசிறியை அணைத்து, மறுபடி போட்டார்.

அன்று மாலை வகுப்பு தொடங்குவதற்கு முன் பிரிட்டோ அவளுடைய நோட்டை எட்டிப் பார்த்தான். இடது பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'சரியாகத்தான் செய்தேனா?' அவள் நடந்ததைச் சொன்னாள்.

"இரு இரு. நடுவுல போய்ப் பார்த்த. ஆள் இல்ல. சரி. அப்புறம் எந்தப் பக்கம் போன?"

"அதுக்குப் பிறகு வர்ற பக்கம். இன்னும் வரலைன்னு அர்த்தம் இல்லையா?"

"வந்துட்டுப் போயிருந்தா?"

அவள் நோட்டில் இருந்த அந்த ஒரு வரியைப் பார்த்தாள்.

"என் வண்டிங்கள்ல தினம் நடக்கிற கதை இது. டிரைவர் வந்து அஞ்சு நிமிஷம் நின்னுட்டுப் போயிருப்பான், ஏற வேண்டிய அம்மா அப்புறமா வெளியே வந்து பார்த்துட்டு வண்டியே வரலைன்னு கம்ப்ளெய்ன்ட் குடுக்கும்." சிரித்துக்கொண்டே சொன்னவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "சாரி ஹெப்சி."

அமலராணி மேடம் கையிலிருந்த டஸ்டரைக் கீழே வைத்தார். "ஸ்கூட்டர் போனா போனதுதான். முன்னாடி இருந்துச்சு, பின்னாடி இல்ல. நடுவுல பார்த்தா எந்தப் பக்கம்னு அதுவே சொல்லும். மனுஷன் வந்து நின்னுட்டுப் போனா முன்னாடியும் வெறும் கேட், பின்னாடியும் வெறும் கேட்டும்மா. எந்தப் பாதியையும் தூக்கிப் போட முடியாது. இதுக்கு முதல்ல இருந்து பார்க்கிறதைத் தவிர வேற வழியே கிடையாது. இதை நான் வியாழக்கிழமையே சொல்லியிருக்கணும்."

ஹெப்சி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறே முக்கால். காலையில் அவள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது நாற்பத்திரண்டு மணி நேரமும் முழுசாக அதற்குள் இருந்தது. அதில் அவள் பார்த்தது வெறும் பன்னிரண்டு கணம். இப்போது போன சனிக்கிழமையின் ஆறு மணி அழிந்துவிட்டது. ஆறே முக்கால் அழிந்துகொண்டிருக்கிறது.

வகுப்பு முடிந்து ஓட்டமும் நடையுமாகத் தெருவுக்கு வந்தபோது கனகவல்லி ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில ஒரு ரெண்டு மணி நேரம் தொறக்க முடியுமாக்கா?"

"ஞாயித்துக்கெயமைகூட என்ன தூங்க வுடமாட்டியா நீ?" என்றவர் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "எட்டு மணிக்கு வா. பாதி ஷட்டர்தான் தூக்குவேன். ஃபுல்லா தூக்கினா பிளவுஸைத் தூக்கினு வந்துருவாளுங்க."

ஞாயிறு காலை ஆராதனைக்குப் புறப்பட்ட அப்பா, தலை வாராமல் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். "நீ வரல?"

"தலைவலிப்பா."

ஹெப்சி ஆராதனைக்குப் போகாமல் இருந்தது நினைவு தெரிந்து இரண்டு தடவைதான், இரண்டும் அம்மை போட்ட வருடத்தில். அப்பா எதுவும் கேட்காமல் பைபிளை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

பாதி ஷட்டருக்குள் குனிந்து போய் உட்கார்ந்தாள். எட்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க நேரம் போதாது. எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று விடியற்காலையிலேயே நோட்டில் எழுதி வைத்திருந்தாள். இரவு வேண்டாம். சனிக்கிழமை இனி இல்லை. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தையும் அடித்திருந்தாள். எல்லோரும் கோயிலில் இருப்பார்கள் என்று எபிக்குத் தெரியாதா? பார்க்க வருகிறவன் ஆளில்லாத நேரத்திலா வருவான்? வீட்டுக்குள் ஆள் இருப்பது தெரிந்து, கூப்பிடத் தைரியம் வராமல் திரும்பியிருப்பான் என்றே அவள் நினைத்தாள். அவளாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பாள்.

ஆகவே அவளும் அப்பாவும் கோயிலிலிருந்து திரும்பி வந்த நிமிடத்திலிருந்து தொடங்கினாள். ஞாயிறு பகல் பன்னிரண்டேகால். ஸ்கூட்டர் வருகிறது, கேட் திறக்கிறது, மூடுகிறது. நாய் ஒன்று தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பறக்கிறது. பால்காரர், தண்ணீர் கேன் வண்டி, டியூஷன் பிள்ளைகள். எபி இல்லை.

மாலை ஆறு பத்துக்குக் கேட் திறந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். வந்தது அப்பா. கையில் பை இல்லை, காலில் செருப்பு இல்லை. கேட்டின் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப் இருக்கிற பக்கமாகப் பார்த்து நின்றார். ஆறு இருபத்தைந்துவரை நின்றார். பிறகு உள்ளே போனார். திங்கள் காலை ஆறு மணிக்குச் செய்தித்தாளை எடுக்க வந்தவர், அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அதே மாதிரி, அதே பக்கம் பார்த்து நின்றார்.

பின்னால் காஜா எடுத்துக்கொண்டிருந்த கனகவல்லி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அது தெனிக்கும்தான். சாயங்காலம் நான் லைட்டு போடுற டைம்ல நின்னுகினு இருப்பாரு. பஸ்ஸு வருதான்னு பாக்குறாருன்னு நெனச்சேன்."

திங்கள் பகல் பன்னிரண்டு மணிவரை பார்த்து முடித்தபோது பத்தரை ஆகியிருந்தது. எபி எங்கேயும் இல்லை. மிச்சமிருந்தது அவள் தன் கையாலேயே அடித்துவிட்ட ஞாயிறு காலை மட்டும்தான். அதிலும் பத்தரைக்கு முந்தியது எல்லாம் போய்விட்டது.

எப்போதும் ஆராதனை பத்து மணிக்கு முடிந்துவிடும். பத்தரைக்கெல்லாம் வீட்டில் இருப்பார்கள். போன ஞாயிறு மட்டும் ஏன் பன்னிரண்டேகால் ஆனது என்று அப்போதுதான் அவள் யோசித்தாள். அறுப்பின் பண்டிகை, விளைச்சலில் ஒரு பங்கைச் சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் நாள். ஆராதனைக்குப் பிறகு காணிக்கைப் பொருட்களின் ஏலம். வருடா வருடம் ஏலம் போடுவது அப்பா. மைக் இல்லாமலே மதில்வரை கேட்கும் குரல் அவருக்கு. யாரோ ஒரு பூசணிக்காயை எடுத்துவிட்டு, மறுபடி ஏலத்துக்கே விடுங்கள் என்று திருப்பிக் கொடுக்க, அடுத்தவரும் அப்படியே செய்ய, ஒரே பூசணிக்காயை அப்பா ஐந்து தடவை விற்றார். கோயிலே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

பத்தரைக்கு வீட்டில் இருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாதது அந்தப் பூசணிக்காய்தான்.

இருப்பதிலேயே பழைய பதிவை அழுத்தினாள். பத்து முப்பத்தாறு என்று திரையின் மூலையில் எழுத்து வந்தது. படம் வரும்போதே அவன் அங்கே நின்றிருந்தான்.

முதுகுதான் தெரிந்தது. நீலச் சட்டை, தோளில் பெரிய பை. முன்னைவிடக் குண்டாகியிருந்தான். கேட்டுக்கு முன்னால் சாக்கடைமேல் போட்டிருக்கிற சிமென்ட் பலகையில் அவன் ஏறவில்லை. அதற்கு ஓரடி தள்ளித் தெருவில் நின்றான். பலகைக்கு அந்தப் பக்கம்தான் வாசல் என்று அவன் எல்லை வைத்துக்கொண்டது போல இருந்தது. பையை இறக்கிக் காலருகே வைத்தான். கோயில் இருக்கிற பக்கமாகத் திரும்பிப் பார்த்தான்.

"ஐய, நம்ம எபி!" என்றார் கனகவல்லி. "இன்னா இப்டி ஊதிப்போயிக்கிறான்!"

வெளியே ஸ்கூட்டர் சத்தம் நின்றது. கேட் திறக்கிற சத்தமும், "ஹெப்சி" என்ற கூப்பாடும் கேட்டன. பிறகு ஷட்டருக்குக் கீழே அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் அப்பாவின் கறுப்பு ஷூ வந்து நின்றது.

"தலைவலின்னு சொன்ன?" என்றபடி குனிந்து உள்ளே வந்தவர் நிமிரும்போதே திரையைப் பார்த்துவிட்டார்.

கனகவல்லி ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அப்பா உட்காரவில்லை. திரையில் எபி குனிந்து பையிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தான். போனை எடுத்துப் பார்த்தான், யாரையும் கூப்பிடாமல் உள்ளே வைத்தான்.

வெகுநேரம் கழித்து, "எப்ப வந்தான்?" என்றார் அப்பா. "முதல்ல இருந்து போடு."

ஹெப்சி பின்னால் இழுத்தாள். பத்து ஐம்பத்திரண்டுக்கு முன்னால் போக மறுத்தது. அவள் பார்த்த பதினாறு நிமிடங்கள்கூட இப்போது அதற்குள் இல்லை. போனில் படம் பிடித்திருக்கலாம் என்று தோன்றியதே இப்போதுதான். அவசரமாகப் போனை எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்தாள்.

"முதல்ல இருந்து கிடையாதுப்பா. அழிஞ்சிடுச்சு. நான் போடும்போதே நின்னுகிட்டு இருந்தான்."

"எவ்வளவு நேரமா?"

"தெரியலப்பா."

அப்பா தலையசைத்தார். வேகமாக ஓட்டட்டுமா என்று அவள் கேட்டதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். அப்படியே, போன ஞாயிறு ஓடிய அதே வேகத்தில், ஷட்டர் இடைவெளியில் வந்த வெயிலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறியபோது இவரும் மாறினார். பதினொன்று இருபத்தொன்றுக்கு எபி பையைத் தூக்கித் தோளில் போட்டான். இரண்டடி நடந்தான். திரும்பி வீட்டின் மாடியை ஒரு தடவை பார்த்தான். பிறகு பஸ் ஸ்டாப் பக்கமாக, படத்தின் விளிம்பைத் தாண்டிப் போனான்.

கேட் மட்டும் இருந்தது. அப்பா அதையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஜெர்சன்கிட்ட மெயில் அட்ரஸ் இருக்குமா?"

"வாங்கிட்டேன்ப்பா."

"போன்லயே எழுத முடியுமா? நான் சொல்றேன்."

ஹெப்சி துப்பட்டா நுனியால் போன் திரையைத் துடைத்தாள். கனகவல்லி தையல் மெஷினிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். ஏலம் போட்டால் மதில்வரை கேட்கும் குரலுக்குச் சொந்தக்காரர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். மகனைக் கேள்வி கேட்டு எழுதுவாரோ, மன்னித்தேன் என்று எழுதச் சொல்வாரோ என்று அவள் விரலைத் தயாராக வைத்துக் காத்திருந்தாள்.

"எபி" என்றார். அவள் அடித்தாள். அடுத்த வார்த்தை வருவதற்குள் தலைக்கு மேலே ஒரு விமானம் முழுசாகக் கடந்து போனது.

"இந்த வாரம் நாங்க பத்தரைக்கே வந்துட்டோம்."